கட்டாமல் கொண்டுவந்த சீட்டு

"ஒரு வாரம் தாங்கமாட்ட, கண்ணு. தட்டத்துல பச்ச மீனக் கண்டதும் பஸ்ஸேறி வந்துருவ பாரு" என்றார் பெரியப்பா.

ஜப்பானிலிருந்து பல்லடத்துக்கு பஸ் கிடையாது என்று அவருக்குத் தெரியும். என்னை வழியனுப்ப வந்திருந்த உறவுக்காரர்களைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல், "அவ தாங்குவாளுங்ண்ணா" என்று சொல்லிவிட்டு என் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அப்பா நான்கு தறிகளை வைத்துக் கூலிக்கு நெய்கிறவர். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். இருவருக்கும் படிக்கத் தெரியாது. அக்கா எட்டாவதோடு நின்றுவிட்டாள். அந்த வீட்டிலிருந்து கோவைக்குப் போய் டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் படித்து, ஒரு பெரிய நெசவு ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, சாயங்கால வகுப்பில் ஜப்பானிய மொழி கற்று, அந்த ஆலை வாங்கும் தறிகளைச் செய்கிற ஜப்பானியத் தொழிற்சாலைக்கே ஆறு மாதப் பயிற்சிக்குத் தேர்வானவள் நான். என்னோடு விண்ணப்பித்த ஆண்களில் ஒருவருக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் வேறொரு கணக்கு உண்டு. நான் கல்லூரிக்குப் போனது என் மதிப்பெண்ணால் இல்லை, சாமி வெள்ளைப் பூக் கொடுத்ததால்.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து சாமியின் காலடியில் வைப்பார்கள். கேட்க வேண்டியதை மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். பூசாரி கண்ணை மூடி ஒரு மடிப்பை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். ஒரே காரியத்துக்கு மறுபடி கேட்கக் கூடாது. நிச்சயமாகவிருந்த கல்யாணங்கள் அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆழ்துளைக் கிணறு போட வந்த லாரி, துளை போடாமல் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அக்காவை ஒன்பதாம் வகுப்புக்கு விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டபோது சிவப்பு வந்தது. அவள் நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். எனக்கு வெள்ளை வந்தது. அந்தப் பூவை அம்மா காயவைத்து சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறாள்.

இதையெல்லாம் நம்புகிறாயா என்று கல்லூரித் தோழிகள் கேட்டதுண்டு. சிரித்து மழுப்புவேன். எனக்கு வேண்டியதைக் கொடுத்த பூவை நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

பயிற்சி முடியும் தறுவாயில் தொழிற்சாலையில் என்னைக் கூப்பிட்டு, இரண்டு வருடம் இங்கேயே வேலை பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். எங்கள் ஆலையும் சம்மதித்துவிட்டது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்குச் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா, "பூக் கேட்டுப் போட்டுச் சொல்றேன்" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"செவப்பு வந்துருச்சு, அம்மணி."

அவ்வளவுதான் சொன்னார். வந்துவிடு என்றுகூடச் சொல்லவில்லை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர் என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போவதாக முன்பே சொல்லியிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், குள்ளமான, வேகமாக நடக்கிற அம்மா. தறியில் ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் சத்தத்திலேயே கண்டுபிடித்து, யார் முடுக்கியது என்று கேட்டு ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். வரவில்லை என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

மலையடிவாரத்தில் உயரமான மரங்களுக்கு நடுவே இருந்தது கோயில். நுழைவாயில் இரண்டு பெரிய தூண்களும் குறுக்கே உத்தரமும்தான். கதவு இல்லை. அத்தனையும் சிவப்பு. அன்றைக்குப் பார்த்து எனக்குச் சிவப்பே பிடிக்கவில்லை. வாசலைக் கண்டதும் பழக்கத்தில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். கூழாங்கல் தரை பனிக்கட்டி போல் சில்லிட்டது.

மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்து, "கால் வலிக்கிறதா?" என்று கேட்டார்.

"கோயில் ஆயிற்றே" என்றேன்.

"ஷூவைப் போட்டுக்கொள். சளி பிடித்தால் நாளைக்கு யார் வேலை செய்வது?"

சாமி இருக்கும் இடத்துக்குள் ஷூவோடு நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் யாரோ பின்னாலிருந்து திட்டுவதுபோல் இருந்தது. உள்ளே கல்தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, பக்கத்தில் மூங்கில் கரண்டிகள். அவர் செய்வதைப் பார்த்துக் கைகளைக் கழுவினேன். பிறகு அவர் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வாயில் வைத்தார். தீர்த்தம் என்று நினைத்து நானும் வாயில் விட்டு விழுங்கி, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டேன். அவரோ கொப்பளித்துக் கீழே துப்பினார். என்னைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "குடிப்பதற்கில்லை, கழுவுவதற்கு!" என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சன்னதிக்கு முன்னால் நின்று இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். எங்கள் ஊரில் சண்டிகேஸ்வரர் முன்னால் மட்டும்தான் கை தட்டுவோம். தட்டிவிட்டுக் கண்ணை மூடினால் என்ன வேண்டுவது என்றே தெரியவில்லை. இங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால் எங்கள் சாமியை மீறியதாகும். ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டால் அது பொய். ஒன்றும் கேட்காமல் கண்ணைத் திறந்தேன்.

பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டகையில் குறி பார்க்கும் சீட்டு இருந்தது. மரக்குழலைக் குலுக்கினால் ஓட்டை வழியாக ஒரு குச்சி வெளியே வரும். அதில் உள்ள எண்ணுக்கு உரிய சீட்டைத் தருவார்கள். வேண்டாம் என்று சொல்வதற்குள் மேற்பார்வையாளர் குழலை என் கையில் கொடுத்துவிட்டார். குலுக்கினேன். அவரும் தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். என் சீட்டை அவரே பிரித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"கெட்டது" என்றார்.

நேற்று அங்கே, இன்று இங்கே. ஒன்றுக்கொன்று முகம் பார்த்திராத இரண்டு சாமிகள் பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

அவர் என் முழங்கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துப் போனார். வரிசையாகக் கட்டியிருந்த கம்பிகளில் நூற்றுக்கணக்கான வெள்ளைச் சீட்டுகள் முடிச்சுப் போட்டுத் தொங்கின. "கெட்டது வந்தால் இங்கே கட்டிவிட வேண்டும். அது இங்கேயே நின்றுவிடும். எனக்குப் போன வருடமும் கெட்டதுதான். கட்டிவிட்டுப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்" என்றார்.

சீட்டை நீளமாக மடித்தேன். கம்பிக்கு அருகில் கொண்டுபோனேன். கை வரவில்லை. சாமி கொடுத்தது பூவோ திருநீறோ, அதைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வர எங்களுக்குத் தெரியாது. ஆனைமலை மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டு வருகிறபோது அம்மா குங்குமத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்து, சிந்தாமல், பஸ்ஸில் வழி முழுக்கப் பிடித்துக்கொண்டே வருவாள். மேற்பார்வையாளர் தன் சீட்டைப் படிப்பதில் மும்முரமாக இருந்தபோது, என்னுடையதைப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

கோயிலிலிருந்து இறங்கும் தெருவில் பழைய மரவீடு ஒன்று சாப்பாட்டுக் கடையாக இருந்தது. வாசலில் நீலத் துணி தொங்கியது. உள்ளே காலடி வைத்ததும், "ஷூவைக் கழற்று" என்றார் மேற்பார்வையாளர். கோயிலில் ஷூவோடு, ஓட்டலில் வெறுங்காலோடு! பாய் விரித்த அறை, தாழ்வான மேஜை. எனக்குச் சம்மணம் போட்டு உட்கார ஒரு சிரமமும் இல்லை. பந்தியில் வளர்ந்தவள்தானே. அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, "உன் கால்களை எனக்குக் கடன் கொடு" என்றார்.

ஆளுக்கொரு தட்டு வந்தது. மாவில் தோய்த்துப் பொரித்த கத்திரிக்காயும் இறாலும், கிண்ணத்தில் ஊறுகாய், சூடான குழம்பில் பழுப்பு நிற நூடுல்ஸ், ஓரமாகப் பச்சை மீன் துண்டுகள். பெரியப்பா நினைவுக்கு வந்தார். முதலில் மீனைத்தான் எடுத்தேன். பச்சை நிறத் துவையலைத் தொட்டு வாயில் போட்டதும் காரம் மூக்கு வழியாக ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைச் சாக்காக வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நூடுல்ஸைச் சத்தம் வராமல் தின்றேன். எங்கள் வீட்டில் உறிஞ்சித் தின்றால் அம்மா மண்டையில் ஒன்று வைப்பாள். மேற்பார்வையாளர் தன்னுடையதைச் சர்ரென்று உறிஞ்சிவிட்டு என்னைக் கவனித்தார்.

"பிடிக்கவில்லையா?"

"பிடித்திருக்கிறது."

"சத்தமே வரவில்லையே. சமைத்தவர் வருத்தப்படுவார்." பிறகு சாப்பிடும் குச்சிகளை வைத்துவிட்டு, "நாளைக்கு என்ன சொல்லப் போகிறாய்?" என்றார்.

நான் இங்கே இருப்பது அவருக்கும் தேவையாக இருந்தது. அவருடைய பிரிவில் இருவர் ஓய்வு பெறப் போகிறார்கள். என்னை விட்டால் புது ஆளை முதலிலிருந்து பழக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் பூவைப் பற்றிச் சொன்னேன். வெள்ளை, சிவப்பு, அப்பா, சாமி. அவர் கேலி செய்யவில்லை. கவனமாகக் கேட்டுவிட்டு, "மறுபடி கேட்க முடியாதா? நான் நல்ல சீட்டு வருகிறவரை எடுத்த வருடங்கள் உண்டு" என்றார்.

"எங்கள் ஊரில் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஒரு முறைதான்" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு கர்வம் இருந்தது. நாங்கள் சாமியிடம் பேரம் பேசாதவர்கள் என்கிற கர்வம்.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. அக்கா. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து, கடைக்காரர்கள் வைத்திருந்த மரச்செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"என்ன பண்ற?" என்றாள்.

"சாப்பிட்டுட்டு இருக்கறேன். நேத்து பூக் கேக்க நீயும் போனியா?"

"போனேன். அப்பா ஒத்தையில வண்டி ஓட்டிட்டுப் போறேன்னாரு, அதான் கூடப் போனேன். பொழுதுக்கும் சோறு திங்கல அவரு."

"எனக்குந்தான் எறங்கல. காலேஜுக்குக் கேட்டப்ப வெள்ளை குடுத்த சாமி, இதுக்கு மட்டும் ஏன்க்கா இப்பிடி?"

அக்கா சட்டென்று சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.

"வெள்ளையா? உனக்கா? உனக்கு வந்ததும் செவப்புதான், புள்ள."

"என்ன சொல்ற?"

"நான் கூட நின்னேன். ஊட்டுக்கு வார வழியில அப்பா வாயே தொறக்கல. அடுத்த நாளு, யாருகிட்டயும் சொல்லாத வான்னு என்னைய மறுக்காக் கூட்டிட்டுப் போனாரு. அன்னைக்கும் செவப்பு. பூசாரி மொறைச்சாரு. இவரு எந்திரிக்கவே இல்ல. இன்னொருக்கா வெய்யுங்க, இன்னொருக்கா வெய்யுங்கன்னு, வெள்ளை வந்தப்பறந்தான் எந்திரிச்சாரு. உன்கிட்ட மூச்சு உடப்படாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டாரு."

தெருவில் ஒரு குடும்பம் கோயிலைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.

"உனக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன. எனக்கு ஒருக்காத்தான் கேட்டாங்க."

பிறகு அவளே, "நேத்து அந்தப் பூசாரியே கேட்டாரு. 'மறுக்கா வெக்கட்டுங்களா?'ன்னு. நக்கலாத்தான் கேட்டாரு. அப்பா வேண்டாமுன்னுட்டாரு" என்றாள்.

சாமி வேண்டாமென்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் பெட்டியைக் கட்டியிருப்பேன். கெட்டிக்காரிதான், ஆனாலும் கட்டியிருப்பேன். இது சாமி சொன்னது இல்லை. எனக்காக மூன்றாம் முறை, நான்காம் முறை என்று சன்னதியில் உட்கார்ந்திருந்த மனிதர், இந்த முறை முதல் பூவோடு எழுந்துவிட்டார். நான் திரும்பி வர வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார். அதை வாயால் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. சிவப்புப் பூ சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

"ஏய், இருக்கறயா? நான் வேணா நாளைக்குப் போயிக் கேட்டுட்டு, வெள்ளை வந்துருச்சுன்னு சொல்லட்டுமா?" என்றாள் அக்கா. "வரலீன்னாலும் வந்துருச்சுங்கறேன்."

"வேண்டாங்க்கா."

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"தெரியல."

"செரி, பச்ச மீனு தின்னயா?"

"தின்னேன்."

"பெரியப்பன்கிட்டச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவளுக்கு ஒருமுறை மட்டும் ஏன் கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. பெரிய பெண், தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தறிக்கு நூல் சுற்ற ஆள் வேண்டும் என்று எனக்கு நானே பதில் சொல்லிப் பார்த்தேன். எந்தப் பதிலும் நிற்கவில்லை.

உள்ளே நூடுல்ஸ் ஆறி ஊறிப் போயிருந்தது. மேற்பார்வையாளர் தன் தட்டைக் காலி செய்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். மிச்சத்தைத் தின்றேன். இந்த முறை உறிஞ்சித்தான் தின்றேன், சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று. சமையலறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

அன்று சாயங்காலம் விடுதி அறையிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"சொல்லு, அம்மணி."

"நாளைக்கு இங்கியே இருக்கறேன்னு சொல்லப் போறேனுங்ப்பா."

ஒரு தறி நின்றது. பிறகு இன்னொன்று. அவர் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே நடப்பது கேட்டது. நான்கும் நின்ற பிறகு, "செவப்பு வந்துருக்குது, கண்ணு" என்றார்.

"தெரியுமுங்ப்பா."

பிறகு, தாழ்ந்த குரலில், கேட்கக் கூடாததைக் கேட்பதுபோல் கேட்டார்.

"மறுக்காக் கேக்கட்டுமா?"

அக்கா எனக்குச் சொல்லிவிட்டாள் என்று அவருக்குத் தெரியாது. கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விடிந்ததும் போய் உட்காருவார். வெள்ளை வரும்வரை எழமாட்டார். எனக்கு வெள்ளைப் பூ கிடைக்கும், அம்மா காயவைத்து இன்னொன்றையும் சொருகுவாள், பெரியப்பா வாயைத் திறக்க முடியாது. சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. ஆனால் என்னைப் பிரிய மனமில்லாத மனிதரையே, என்னை அனுப்பச் சொல்லிச் சாமியிடம் கெஞ்ச வைப்பது எப்படி? என் படிப்பு என் கெட்டிக்காரத்தனம் என்று அத்தனை வருடம் நிமிர்ந்து நடந்திருக்கிறேன். இதையாவது நானே செய்துகொள்ள வேண்டும்.

"வேண்டாமுங்ப்பா. செவப்பாவே இருக்கட்டுங்க."

"செரி" என்றார். போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஒரு தறி மறுபடி ஓடத் தொடங்கியது. அதை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நானே துண்டித்தேன்.

திங்கட்கிழமை வேலை தொடங்குவதற்கு முன்பே சரி என்று சொல்லிவிட்டேன். மேற்பார்வையாளர் ஒரு முறை குனிந்து வணங்கிவிட்டு, உடனே ஒரு திருகைக் காட்டி, இது யார் முடுக்கியது என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நான் கூப்பிடும்போதெல்லாம் அம்மாதான் எடுக்கிறாள். "அப்பா தறிகிட்ட நிக்கறாரு" என்கிறாள். சாமி சொல்லைத் தாண்டினவள் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அந்தச் சீட்டு பர்ஸில்தான் இருக்கிறது. கட்டிவிட்டு வந்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். இன்னும் கட்டவில்லை.

போன வாரம் விடுதியைக் காலி செய்துவிட்டு ஒரு சிறிய வாடகை வீட்டுக்கு மாறினேன். நாள் பார்க்கவில்லை. எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான், அதனால் ஞாயிற்றுக்கிழமை குடிபோனேன். முதல் வேலையாக அடுப்பில் பால் வைத்தேன். அக்காவுக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தபோதே பொங்கி வழிந்தது.

"எந்தப் பக்கமா பொங்குச்சு? கெழக்கயா? சரியாத் தெரியல, மறுக்காக் காட்டு" என்றாள்.

"தொடச்சுட்டேங்க்கா" என்றேன்.